வண்டி யாருடையது?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்ரயில் கூடுவாஞ்சேரியில் நின்றதும் இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீடு இன்னும் தொலைவில்தான். நெல்லிக்குப்பம் சாலையில் உள்ளே போக வேண்டும், காயரம்பேடு போக வேண்டும், ஊரப்பாக்கத்தின் உள்நகர்களுக்குப் போக வேண்டும். 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு இந்தப் பகுதியின் நடமாட்டமே மாறிவிட்டது. தென்மாவட்டங்களிலிருந்து விடிகாலை வந்து இறங்குகிறவருக்கும், இரவு பஸ் பிடிக்க மூட்டை முடிச்சோடு கிளம்புகிறவருக்கும் முனையம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. அங்கே போவதுதான் பாடு. ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பேருந்து இருக்கிறது, ஐந்து கிலோமீட்டருக்கு இல்லை.

அந்த ஐந்து கிலோமீட்டரை இன்று தாங்கிப் பிடிப்பது ஷேர் ஆட்டோ. அதைப் பற்றிப் பயணிகளிடம் கேட்டால் முதலில் வருவது வசவுதான்: நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள், புளிமூட்டை போல அடைப்பார்கள், நடுரோட்டில் நிறுத்துவார்கள், ராத்திரி ஆனால் கேட்டதுதான் காசு. எல்லாம் உண்மை. ஆனால் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. வண்டி இன்னொருவருடையது என்றால் பொழுது விடியும்போதே அன்றைய வாடகை தலையில் ஏறிவிடும். சொந்த வண்டி என்றால் ஃபைனான்ஸ் தவணை. அதற்கு மேல் எரிபொருள், எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வழியில் அபராதம். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. நான்கு பேரோடு கிளம்பினால் அந்த நடையில் காலியாகப் போகும் இருக்கைகளின் நஷ்டம் முழுக்க அவர் ஒருவருடையது. பின்னால் வரும் வண்டி அவருக்குப் போட்டி. முன்னால் போன வண்டி அவருடைய சவாரியை அள்ளிக்கொண்டு போன வண்டி. இப்படி ஒரு ஏற்பாட்டில் நேரத்துக்கு எடு என்று சொல்வது, உன் காசைப் போட்டு ஊருக்குச் சேவை செய் என்று சொல்வதற்குச் சமம்.

தனியார் பேருந்துகள் ஓடும் மாவட்டங்களில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. ஓட்டுநரின் பேட்டா கலெக்‌ஷனைப் பொறுத்தது என்றால், 'டைமிங்' சண்டை சாலைக்கு வந்துவிடும். நிலையத்தை விட்டு உருட்டிக்கொண்டே கிளம்பி, பின்னால் வருகிற வண்டியைக் கண்ணாடியில் பார்த்ததும் பறப்பதை அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. அரசே எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும் என்பது ஒன்று. நம் மாநிலம் 1970-களில் அந்த வழியில் போய்ப் பெரும்பலன் கண்டது. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972 ஜனவரி 1-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் பேருந்தே பார்க்காத கிராமம் அரிது என்ற நிலைக்கு அதுதான் அடிப்படை. தனியாருக்கு விட்டுவிடலாம் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு வழி உண்டு: வண்டியை ஓட்டுகிறவர்களும் டிக்கெட் கிழிக்கிறவர்களும் ரிப்பேர் பார்க்கிறவர்களும் சேர்ந்தே அதற்கு உரிமையாளர்களாக இருப்பது. கேட்பதற்குக் கற்பனை போலத் தோன்றும். ஆனால் பக்கத்து மாநிலத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது ஓடியிருக்கிறது.

மலைநாட்டில் ஒரு பேருந்துச் சங்கம்

கர்நாடகத்தின் சிக்கமகளூர் மாவட்டத்தில், சிருங்கேரிக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் ஊர் கொப்பா. காப்பித் தோட்டமும் பாக்குத் தோப்பும் வளைந்து வளைந்து போகும் சாலையுமான மலைநாடு. அங்கே சங்கர் டிரான்ஸ்போர்ட் என்ற தனியார் நிறுவனம் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் கூலி, உரிமைகள் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். நிறுவனம் மூடப்பட்டது. வேலை இழந்தவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கிக்கு ஈடாகச் சில பேருந்துகள் கைக்கு வந்தன. அவற்றை விற்றுப் பங்கு போட்டுக்கொண்டு அவரவர் வழியைப் பார்த்திருக்கலாம். அவர்கள் 1991-ல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்து அந்தப் பேருந்துகளைச் சாலையில் இறக்கினார்கள். ஊர் அதற்கு வைத்துக்கொண்ட பெயர் 'சஹகார சாரிகே'.

ஆறு பேருந்துகளில் தொடங்கியது எழுபதைத் தாண்டியது. கொப்பாவைச் சுற்றிய மலைக் கிராமங்கள், தீர்த்தஹள்ளி, சிவமொக்கா, கீழே இறங்கினால் உடுப்பி, மங்களூர் என்று தடங்கள் விரிந்தன. பெரிய கலெக்‌ஷன் வராத உள்கிராமத் தடங்களிலும் வண்டி போயிற்று. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணம் கிடைத்தது. சங்கத்தின் வண்டியை ஓட்டியவரே அதன் உறுப்பினர், நிர்வாகக் குழுவுக்கு வாக்களிக்கிறவர்.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது தொழிலாளிக்குக் கிடைத்த கௌரவத்தை மட்டும் அல்ல. வருமானம் ஒரே பெட்டியில் விழும்போது பேருந்தின் நடத்தை மாறிவிடுகிறது. மங்களூர் தடத்தில் மிஞ்சிய பணம், காலி இருக்கைகளோடு மலையேறும் கடைசி நடையின் டீசலுக்கு உதவும். ஒரு வண்டி பழுதானால் இன்னொன்றை அனுப்பலாம். உதிரி பாகம் மொத்தமாக வாங்கலாம். சொந்தப் பட்டறை வைக்கலாம். முன்னால் போகும் வண்டியும் பின்னால் வரும் வண்டியும் ஒரே சங்கத்தினுடையவை என்பதால் விரட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னால், இன்னும் இரண்டு நடை ஓட்டிவிட்டு வா என்று சொல்ல மேலே ஒரு முதலாளி இல்லை. ஓட்டுநருக்குத்தான் வண்டியின் உடம்பு தெரியும். அந்த அறிவு முடிவெடுக்கும் இடத்துக்குப் போவது, பயணிகளின் பாதுகாப்புக்கு எந்தச் சுற்றறிக்கையையும்விடப் பெரிய காரியம்.

ஆனால் 2020 பிப்ரவரியில் சஹகார சாரிகே நின்றுவிட்டது. கொரோனா ஊரடங்கு வருவதற்கு முன்பே. அதனால் பழியைக் கிருமியின் மேல் போட முடியாது. டீசல் விலை ஏறியது, இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறியது, உதிரி பாகங்களின் விலை ஏறியது, வரி கட்ட வேண்டியிருந்தது. கட்டணத்தை மட்டும் நினைத்தபடி ஏற்ற முடியாது, அது அரசின் கையில். லாபமுள்ள தடங்களில் அரசுப் பேருந்துகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. ஒரு கட்டத்துக்கு மேல் சம்பளமே நெருக்கடியானது. தொழிலாளர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று சொல்லி இந்த மரணத்தை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. முப்பது ஆண்டு ஓட்டியவர்களுக்கு நிர்வாகம் தெரியாது என்பது விசித்திரமான வாதம். அதே காலத்தில் நாட்டின் பெரும்பாலான அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் நஷ்டத்தில்தான் ஓடின. வித்தியாசம், அவற்றுக்குப் பின்னால் கருவூலம் இருந்தது, கொப்பாவுக்குப் பின்னால் யாரும் இல்லை. மாணவருக்குச் சலுகை கொடுத்த அரசுக் கழகத்துக்கு அரசு ஈடு கொடுக்கும். அதே மாணவரை ஏற்றிய கூட்டுறவு அந்தச் செலவைத் தன் தோளிலேயே சுமந்தது.

பங்கு கொடுத்தால் போதாது

கடல் தாண்டி இலங்கையில் இதன் மறுபக்கம் நடந்தது. 1958 ஜனவரி 1-ல் தனியார் பஸ் கம்பெனிகள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறை வரை 'இ.போ.ச.' சிவப்பு பஸ் ஒரு தலைமுறையின் நினைவு. 1990-ஐ ஒட்டி, பிரேமதாசாவின் ஆட்சியில், சபையின் டிப்போக்கள் தனித்தனிக் கம்பெனிகளாக உடைக்கப்பட்டு, பாதிப் பங்குகள் ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டன. 'மக்கள்மயப்படுத்தல்' என்று அதற்குப் பெயர். காகிதத்தில் ஊழியர்களே பங்காளிகள். நடைமுறையில் மீதிப் பாதி அரசிடம் இருந்தது. பஸ்கள் பழசு. கையில் முதல் இல்லை. கட்டணத்தையும் ஆள் எடுப்பதையும் அரசியல்வாதிகள் தீர்மானித்தார்கள். 1997-ல் அவற்றை ஒருங்கிணைத்துப் பிராந்தியக் கம்பெனிகள் ஆக்கினார்கள். 2005-ல் மறுபடியும் சபையே வந்துவிட்டது. கேட்டு வாங்காத பங்கு, கூட்டம் கூட்டித் தீர்மானிக்க அதிகாரம் தராத பங்கு, ஓட்டுநருக்கு ஒரு சான்றிதழ்த் தாள் மட்டுமே.

மேலிருந்து திணிப்பதற்கு இன்னொரு உதாரணம் பிலிப்பைன்ஸ். அங்கே 2017-ல் தொடங்கிய நவீனமயத் திட்டத்தின்படி ஜீப்னி ஓட்டுநர்கள் தனித்தனி உரிமத்தைக் கைவிட்டுக் கூட்டுறவாகவோ கம்பெனியாகவோ ஒன்றுசேர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். புது வண்டியின் விலை தலைக்கு மேல் கடன். வேலைநிறுத்தங்கள் வெடித்தன, கெடு தள்ளித் தள்ளிப் போயிற்று. கூட்டுறவு என்ற சொல்லே அங்கே பல ஓட்டுநர்களுக்குக் கசந்துபோனது.

நின்று நிலைத்த ஊரைக் காட்டச் சொன்னால் தென் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். உருகுவேயின் தலைநகர் மான்டிவிடியோவில் நகரப் பேருந்துகளின் ஒரு பகுதியை 1960-களிலிருந்து தொழிலாளர் கூட்டுறவுகள் ஓட்டுகின்றன. கோட்டெக், உகோட் இரண்டும் இன்றும் சாலையில் இருக்கின்றன. அதே நகரில் ராயின்கோப் என்ற இன்னொரு கூட்டுறவு 2016-ல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. அப்போது நடந்ததுதான் முக்கியம்: அதன் தடங்களும் தொழிலாளர்களும் மற்ற நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். பயணி மறுநாளும் பஸ் ஏறினார். அங்கே கட்டணத்துக்கு மானியம் கொடுக்கும்போது அரசு, கூட்டுறவு என்று பார்த்து ஒதுக்குவதில்லை. எல்லோருக்கும் ஒரே விதி. கொப்பாவுக்குக் கிடைக்காதது இதுதான்.

வெற்றியும் கெடுக்கும் என்பதற்கு இஸ்ரேலின் எகெட். 1933-ல் ஓட்டுநர் கூட்டுறவுகள் ஒன்றிணைந்து உருவாகி, நாட்டின் மிகப்பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. வளர வளர, பங்குள்ள உறுப்பினர்கள் ஒரு பக்கம், சம்பளத்துக்கு மட்டும் வேலை செய்யும் ஓட்டுநர்கள் மறுபக்கம் என்று இரண்டு சாதி உண்டாயிற்று. பழைய உறுப்பினர்கள் ஓய்வுபெற, கூட்டுறவு என்பது பெயரளவில் நின்றது. கடைசியில் 2022-ல் பெரும்பான்மைப் பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் சில காலத்தில் உறுப்பினராக வேண்டும் என்ற விதி சங்கத்தின் சட்டதிட்டத்தில் முதல் நாளே இல்லையென்றால், ஐம்பது பேர் முதலாளிகளாகவும் ஐந்நூறு பேர் கூலிகளாகவும் ஆகிவிடுவது எங்கும் நடக்கும். கூடுவாஞ்சேரி மட்டும் விதிவிலக்கல்ல.

கிலோமீட்டருக்குக் காசு

இப்போது நம் ஊருக்கு வருவோம். கொப்பாவைக் கொன்றது டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பியிருந்த ஏற்பாடு. சென்னையில் அந்த ஏற்பாடு சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஆகஸ்டில் தெற்கே பெரும்பாக்கம் பணிமனையும் சேர்ந்தது. வண்டி கழகத்தினுடையது அல்ல, ஓட்டுநரும் கழக ஊழியர் அல்ல. இரண்டும் ஒப்பந்த நிறுவனத்தினுடையவை. நடத்துநர் மட்டும் கழகத்தவர். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும். பேருந்து காலியாகப் போனாலும் கொடுக்கும். டிக்கெட் வருமானமும் நஷ்டமும் கழகத்தின் பாடு.

தனியார்மயம் என்று தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது: நிரந்தர வேலை, ஓய்வூதியம் என்ற பழைய பிடிமானங்கள் ஒப்பந்த ஓட்டுநருக்கு இல்லை. ஆனால் அந்த எதிர்ப்பில் ஒரு கேள்வி விடுபட்டுவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. நஷ்டத்தைத் தான் ஏற்றுக்கொண்டு, ஓட்டுவதற்கு மட்டும் பணம் தர அரசு தயார் என்றால், அந்தப் பணத்தை வாங்குவது ஏன் ஒரு கம்பெனியாகத்தான் இருக்க வேண்டும்? ஓட்டுநர்களின் சங்கமாக ஏன் இருக்கக் கூடாது? கொப்பாவின் தொழிலாளர்கள் கையில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற ஒரு ஒப்பந்தம் இருந்திருந்தால், டீசல் விலைக்கேற்ப அது மாறும் என்ற ஒரு வரி அதில் இருந்திருந்தால், அந்தச் சங்கத்தின் கதை வேறாகியிருக்கும்.

நூறு மின்சாரப் பேருந்து வாங்க ஓட்டுநர்களிடம் முதல் ஏது என்பது நியாயமான கேள்வி. நூறில் தொடங்கத் தேவையில்லை. ஜி.எஸ்.டி. சாலையின் பிரச்சினை பெரிய பேருந்தும் அல்ல. ரயில் நிலையத்திலிருந்தும் கிளாம்பாக்கத்திலிருந்தும் உள்ளே போகும் சிறு வண்டிதான் இங்கே குறை. அரசின் புதிய மினி பேருந்துத் திட்டம் 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கியது. 25 கிலோமீட்டர் வரையிலான தடங்கள், பேருந்து வசதி இல்லாத பகுதிகளுக்கு முதலிடம். 1997-ல் வந்த பழைய மினி பஸ் திட்டத்தில் தனி முதலாளிகள் பர்மிட் வாங்கி ஓட்டி, கட்டுப்படியாகாமல் பலர் நிறுத்தினார்கள். அதே பாதையில் அதே ஆட்களைக் கூப்பிட்டால் அதே முடிவுதான் வரும்.

சட்டம் இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 71-வது பிரிவு, மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் ஸ்டேஜ் கேரேஜ் பர்மிட்டுக்கு யாருக்கு முன்னுரிமை என்று வரிசை போடுகிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அடுத்து அதில் வருவது பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம். முன்னாள் ராணுவத்தினர்கூட அதற்குப் பிறகுதான். கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்று அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவில் சேர்த்தது 97-வது திருத்தம். கடனுக்கு 1963-லிருந்து தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. கேரளத்தில் 1925-ல் வாக்படானந்தரின் தூண்டுதலால் கூலித் தொழிலாளிகள் தொடங்கிய ஊராளுங்கல் சங்கம் இன்று பாலமும் நெடுஞ்சாலையும் கட்டுகிறது. தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுகளுக்கு அந்த மாநில அரசு டெண்டரில் முன்னுரிமை தருவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வேலையை அரசு கொடுத்தது, ஆட்களை அரசு நியமிக்கவில்லை.

நமக்கு அந்த இரண்டாவது பாதிதான் சிக்கல். தமிழ்நாட்டில் கூட்டுறவு என்றால் நகைக்கடன், ரேஷன் கடை, தள்ளுபடி அறிவிப்பு. இத்தனைக்கும் நாட்டின் கூட்டுறவு வரலாறே இங்கே தொடங்கியதுதான். 1904 சட்டத்தின்கீழ் முதலில் பதிவான கிராமக் கடன் சங்கம், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில். அதே ஆண்டு திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கம். அங்கிருந்து, நிர்வாகக் குழுத் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் ஆண்டுக்கணக்கில் சங்கங்களைப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஓட்டுநர் சங்கம் ஒன்று நன்றாக ஓடத் தொடங்கினால், மறுநாள் கட்சிக்காரர் ஒருவர் தலைவராக வந்து உட்கார மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று எந்த ஆட்டோ ஓட்டுநரும் கேட்பார். சரியான கேள்வி. உறுப்பினர் அல்லாதவர் குழுவில் இருக்கக் கூடாது, வண்டியை ஓட்டாதவர் உறுப்பினராகக் கூடாது என்று சட்டதிட்டத்தில் எழுதிக்கொள்வது பாதித் தற்காப்பு. மீதி, மாதா மாதம் கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பது.

டெல்லியிலிருந்து வரும் 'பாரத் டாக்ஸி' பற்றிப் பேச்சு அடிபடுகிறது. அமுல், இஃப்கோ போன்ற பெரிய கூட்டுறவுகள் சேர்ந்து 2025-ல் பதிவு செய்த பல மாநிலக் கூட்டுறவு அது. ஓட்டுநரிடம் கமிஷன் பிடிக்கும் தனியார் செயலிகளுக்கு மாற்று என்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் செயலி கூட்டுறவாவதும் வண்டி கூட்டுறவாவதும் வேறு வேறு. செயலி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் ஓட்டுநர் தனி ஆள்தான், தவணையும் காலி நடையும் அவர் தலையில்தான். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்ற மீட்டர் கட்டணம் மாறாததால், 2025 பிப்ரவரியிலிருந்து 50 ரூபாய் வாங்குவோம் என்று சங்கங்கள் தாங்களே அறிவித்த கதையை நினைத்துப் பாருங்கள். ஒன்றுசேரும் பழக்கம் நம் ஸ்டாண்டுகளுக்குப் புதிதல்ல. சந்தா வசூலித்து, வரிசை முறை வைத்து, விபத்து என்றால் உதவிக்கு நிற்கிற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது இதுவரை கட்டணத்துக்காகவும் இடத்துக்காகவும் மட்டுமே ஒன்றுசேர்ந்திருக்கிறது.

கூடுவாஞ்சேரி அளவில் இது எப்படித் தொடங்க முடியும்? பத்து வண்டி போதும். ரயில் நிலையத்திலிருந்து நெல்லிக்குப்பம் சாலை ஒரு தடம், கிளாம்பாக்கத்துக்கு ஒரு தடம், காயரம்பேடு ஒரு தடம். முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை குறித்த நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நேரத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம், ஓடாததற்குப் பிடித்தம். பத்தில் ஒன்பது ஓடும், ஒன்று பட்டறையில் மாற்றாக நிற்கும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களே உறுப்பினர்கள். தனியாளாக வாங்க முடியாத இ.எஸ்.ஐ., பி.எஃப். சங்க ஊழியராக அவர்களுக்கு வரும். கிளாம்பாக்கத்துக்கு விடிகாலை மூன்றரை மணிக்கு ஒரு நடை விடுவது தனி ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகாது. சங்கத்துக்கு மாலை நேரக் கூட்டம் அதை ஈடுகட்டும்.

2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிந்தபோது கூடுவாஞ்சேரிக்குப் பெருநகர முகவரி கிடைத்தது, பெருநகரப் பேருந்து அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. போக்குவரத்தை ஒருங்கிணைக்க 'கும்டா' என்ற குழுமம் இருக்கிறது. ரயில், மெட்ரோ, மாநகரப் பேருந்து மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் 'சென்னை ஒன்று' செயலி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. அந்த டிக்கெட் கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தோடு முடிகிறது. சங்கத்தின் மினி பஸ்ஸும் அதில் சேர்ந்தால், கிலோமீட்டர் கணக்கும் பயணிக் கணக்கும் தானாகவே பதிவாகும். யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியம் குறையும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மினி பேருந்துத் தடங்களுக்கு அடுத்த விண்ணப்ப அறிவிப்பு வரும்போது, அதில் மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சி உறுப்பினர்கள் பார்க்கலாம்: ஓட்டுநர் கூட்டுறவுகளுக்கு 71-வது பிரிவின்படி முன்னுரிமை உண்டா, இரவு நடைகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் உண்டா, எரிபொருள் விலை ஏறினால் அந்தத் தொகை ஏறுமா. மூன்றாவது வரி இல்லாவிட்டால் ஓட்டுநர்கள் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது.